டிஸ்ட்ரிக்ட் கவுன்சில் போகிறது, கழிப்பறை யார் தலையில்?

வாசகர் ஒருவரின் கேள்வி: இங்கிலாந்தின் சர்ரேயில் கவுன்டி கவுன்சிலையும் அதற்குக் கீழே இருக்கிற பதினொரு பரோ, டிஸ்ட்ரிக்ட் கவுன்சில்களையும் கலைத்துவிட்டு இரண்டே இரண்டு யூனிட்டரி, அதாவது இரண்டு தட்டின் வேலையையும் சேர்த்துப் பார்க்கிற கவுன்சில், ஆக்கப் போகிறார்களாம். எங்கள் ஊரில் ஒரு டவுன் கவுன்சிலும் இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு விளக்குப் போடுவார்கள், மாதம் ஒரு கூட்டம் போடுவார்கள், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. அதுவும் சேர்ந்து ஒழிந்துவிடும்தானே? வரியாவது குறையட்டும்.

3 நவம்பர் 2025

ஒழியாது. வரியும் குறையாது.

அக்டோபர் 28ஆம் தேதி அரசு அறிவித்தது கிழக்கு சர்ரே, மேற்கு சர்ரே என்ற இரண்டு யூனிட்டரிகளை. 2027 ஏப்ரல் 1 முதல் அவை பொறுப்பேற்கும். அன்றோடு கவுன்டியும் பதினொரு கீழ்க் கவுன்சில்களும் இல்லை. ஆனால் அவற்றுக்கும் கீழே, ஊர் அளவில் இருக்கிற பாரிஷ், டவுன் கவுன்சில்களை இந்த மாற்றம் தொடுவதில்லை. பெயரைப் பார்த்துச் சர்ச் விவகாரம் என்று நினைக்க வேண்டாம், 1894 சட்டத்தோடு அது பிரிந்தாயிற்று. டவுன் கவுன்சிலும் சட்டப்படி பாரிஷ் கவுன்சில்தான். ஒரு தீர்மானம் போட்டால் பாரிஷ் தன்னை டவுன் என்று அழைத்துக்கொள்ளலாம், தலைவர் மேயர் ஆகிவிடுவார், கழுத்தில் சங்கிலி ஏறிவிடும்.

நானும் அப்படி ஒரு டவுன் கவுன்சிலில் உட்கார்ந்திருக்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேர்தலில் ஜெயித்து வந்தவன் இல்லை. ஓர் இடம் காலியாக இருந்தது, போட்டியிட ஆள் இல்லை, கோ-ஆப்ட் செய்துகொண்டார்கள். இங்கிலாந்துப் பாரிஷ் ஜனநாயகத்தில் பாதி இப்படித்தான் ஓடுகிறது.

3 நவம்பர், இரவு

"நம் ஊரில் ஊராட்சிகளை மாநகராட்சியோடு சேர்த்தார்களே, அது மாதிரியா?" என்று ஒரு நண்பர் கேட்டார். தலைகீழ். 2025 தொடக்கத்தில் தமிழ்நாட்டில் மக்கள் தெருவில் இறங்கியது, அடியில் இருக்கிற ஊராட்சியே காணாமல் போகிறது, நூறு நாள் வேலை போய்விடும், வீட்டு வரி ஏறும் என்று. இங்கே அடித்தட்டு அப்படியே நிற்கிறது, நடுத்தட்டை உருவுகிறார்கள். கழிப்பறை, பூங்கா என்று நடுத்தட்டு செய்துகொண்டிருந்த வேலை மேலே போகுமா கீழே விழுமா என்பதுதான் எங்கள் கவலை.

9 நவம்பர்

"எங்கள் ஊரில் டவுன் கவுன்சிலே கிடையாதே" என்று இன்னொருவர். கில்ட்ஃபோர்ட் நகரத்துக்காரர். அவர் சொல்வது சரி. சர்ரேயில் இது ஒரு வேடிக்கை. வேவர்லி முழுக்கப் பாரிஷ்கள். ரன்னிமீட், ஸ்பெல்தோர்ன், எப்ஸம் அண்ட் யூவெல் மூன்றிலும் ஒன்றுகூட இல்லை. எல்ம்பிரிட்ஜில் கிளேகேட் மட்டும். கில்ட்ஃபோர்டில் சுற்றியுள்ள கிராமங்களுக்கெல்லாம் இருக்கிறது, நடுவில் இருக்கிற நகரத்துக்கு இல்லை. இதுவரை அது பெரிதாகத் தெரியவில்லை, பரோ கவுன்சிலே நகரக் கவுன்சில் மாதிரி இருந்தது. 2027இல் பரோ போனால் அந்த ஊருக்கென்று ஒரு மேசை நாற்காலிகூட இருக்காது.

வழி இருக்கிறது. கம்யூனிட்டி கவர்னன்ஸ் ரிவ்யூ என்று 2007 சட்டத்தில் ஒரு நடைமுறை. 2,500 வாக்காளருக்கு மேல் உள்ள பகுதியில் 7.5 சதவீதம் பேர் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தால், புதிய பாரிஷ் வேண்டுமா என்று கவுன்சில் ஆராய்ந்தே தீர வேண்டும். மனு இல்லாமல் கவுன்சில் தானாகவும் தொடங்கலாம். ஒரு வருடத்துக்குள் முடிக்க வேண்டும். ஆராயத்தான் கட்டாயம், அமைக்கக் கட்டாயம் இல்லை.

நாள் தள்ளினால் என்ன ஆகும் என்பதற்கு யார்க்‌ஷயர் உதாரணம். வடக்கு யார்க்‌ஷயர் 2023 ஏப்ரலில் ஒரே யூனிட்டரி ஆனது. ஹாரகேட்டும் ஸ்கார்பரோவும் தங்கள் டவுன் கவுன்சில்களுக்கு முதல் தேர்தலைப் பார்த்தது 2025 மே மாதம். இடைப்பட்ட இரண்டு வருடம் அந்த ஊர்களின் பூங்காவும் சதுக்கமும் நேரே யூனிட்டரி கையில். ஒருமுறை மேலே போனதைக் கீழே இறக்குவது தனி வழக்கு. நார்தாம்டனில் முன்கூட்டியே செய்தார்கள்: டவுன் கவுன்சில் 2020இல், யூனிட்டரி 2021இல். அந்த வரிசைதான் புத்திசாலித்தனம்.

9 நவம்பர், பின்சேர்க்கை

செங்கோலும் மேயர் சங்கிலியும் என்ன ஆகும் என்று கேட்டவருக்கு: அதற்கும் சட்டம் உண்டு. பாரிஷ் இல்லாத ஊரில் சார்ட்டர் டிரஸ்டிகள் என்று ஒரு குழுவை வைத்து, மேயரையும் பழைய மரியாதைகளையும் காப்பாற்றுவார்கள். வடிகால் அடைத்துக்கொண்டால் யாரைக் கூப்பிடுவது என்று தெரியாது, ஆனால் வெள்ளிக் கோலுக்குக் காவல் தயார்.

சிரித்தாலும், 1974இல் இதே கூத்தில் பிழைத்துக்கொண்ட ஊர்கள் உண்டு. கோடல்மிங் அதுவரை தனி பரோ. அந்த வருடம் வேவர்லிக்குள் போனது, டவுன் கவுன்சிலாக மிஞ்சியது. இப்போது விழுங்கிய வேவர்லி போகிறது, விழுங்கப்பட்டது இருக்கிறது.

16 நவம்பர்

வரி குறையும் என்ற நம்பிக்கைக்கு வருகிறேன்.

உங்கள் கவுன்சில் டாக்ஸ் சீட்டில் கவுன்டி ஒரு வரி, பரோ ஒரு வரி, போலீஸ் ஒரு வரி, அடியில் பாரிஷ் ஒரு வரி இருக்கும். அந்தக் கடைசி வரிதான் பிரிசெப்ட். பெரிய கவுன்சில்கள் வருடத்துக்கு 5 சதவீதம் அளவுக்கு மேல் ஏற்ற வேண்டுமானால் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். பாரிஷுக்கு அந்த உச்சவரம்பு கிடையாது. எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம். சீட்டில் தொகை சின்னதாக இருப்பதால் யாரும் கவனிப்பதும் இல்லை.

கணக்கு எளிது. ஊரில் பேண்ட் டி (வரிக்கு அளவுகோலாக வைக்கிற நடுத்தர வீட்டு வகை) கணக்கில் 5,000 வீடுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கழிப்பறை, விளையாட்டிடம், பூந்தொட்டி எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 40,000 பவுண்டு செலவு நம் தலையில் விழுந்தால், வீட்டுக்கு 8 பவுண்டு. கேட்டால் பெரிதாகத் தெரியாது. ஆனால் அந்த 40,000 பவுண்டை மிச்சம் பிடித்த மேல் கவுன்சில் உங்கள் சீட்டில் 8 பவுண்டைக் குறைக்காது. அதைச் சமூகப் பராமரிப்புக்கும் சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளின் படிப்புக்கும் கொண்டுபோகும். குறை சொல்ல முடியாது, அவர்களுக்கு அது சட்டக் கடமை. கழிப்பறை கட்டாயக் கடமை இல்லை. வெட்டு எங்கே விழும் என்பது அங்கேயே தெரிந்துவிடுகிறது.

சோமர்செட்டில் இதுதான் நடந்தது. 2023 ஏப்ரலில் நான்கு டிஸ்ட்ரிக்டைக் கலைத்து ஒரே கவுன்சில் ஆக்கினார்கள். அதே நவம்பரில் நிதி அவசரநிலை அறிவித்தார்கள். அடுத்து டவுன் கவுன்சில்களின் கதவைத் தட்டினார்கள்: நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்களா, மூடிவிடவா? யோவில் டவுன் கவுன்சில் ஆக்டகன் நாடக அரங்கையும் கன்ட்ரி பார்க்கையும் எடுத்துக்கொண்டது. டான்டன் டவுன் கவுன்சில், 2023இல்தான் பிறந்தது, மறு வருடமே பிரிசெப்டை இரண்டு மடங்குக்கு மேல் ஏற்றியது. அத்தனையும் செய்த பிறகும் 2025-26இல் சோமர்செட் கவுன்சில் தனி அனுமதி வாங்கித் தன் வரியை 7.5 சதவீதம் ஏற்றியது.

மேற்கு சர்ரேக்கு இன்னொரு பாரம் உண்டு. அதில் சேர்கிற வோக்கிங் பரோ 2023 ஜூனில் 114 நோட்டீஸ் கொடுத்தது, அதாவது கையில் காசில்லை என்று சட்டப்படி கைவிரித்தது. கடன் 200 கோடி பவுண்டை ஒட்டி. 50 கோடியை அடைக்க உதவுவதாக அரசு சொல்லியிருக்கிறது. மீதி? அந்தக் குடும்பத்தோடு சேர்கிற வேவர்லிக்காரரும் கில்ட்ஃபோர்டுக்காரரும் கேட்கிற கேள்வி அதுதான்.

17 நவம்பர்

"உச்சவரம்பு இல்லை என்பது உண்மையா, சும்மா சொல்கிறீர்களா?" உண்மை. பல வருடமாக அமைச்சர்கள் வரம்பு போடப் போவதாக மிரட்டுவார்கள், போட மாட்டார்கள்.

30 நவம்பர்

எங்கள் மேல் கவுன்சிலான பரோவிலிருந்து பட்டியல் வந்துவிட்டது. பெயர் வேண்டாம். "உங்கள் சமூகம் பொறுப்பேற்க விரும்பக்கூடிய சொத்துகள்" என்று தலைப்பு. பொதுக் கழிப்பறை, இரண்டு விளையாட்டிடங்கள், ஒரு பழைய பெவிலியன் (மைதானக் கட்டடம்), நதிக்கரையில் ஒரு துண்டு நிலம் (மழைக்காலத்தில் அது நதியேதான்). கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கிற கார் பார்க் மட்டும் பட்டியலில் இல்லை. கேட்டோம். அது "மூலோபாயச் சொத்து" என்று பதில்.

பாகப்பிரிவினையில் கறவை மாட்டைப் பெரியவன் ஓட்டிக்கொண்டு போக, கிழட்டுக் காளையைச் சின்னவன் வாசலில் கட்டிய கதைதான். எனக்குக் கோபம் வந்தது. எதையும் வாங்காதீர்கள், வருமானம் இல்லாத சொத்து சொத்தே இல்லை என்று கூட்டத்தில் பேசிவிட்டேன்.

நாள் கணக்கும் முக்கியம். கலையப் போகிற கவுன்சில் கடைசி நேரத்தில் எல்லாவற்றையும் ஊருக்கு எழுதி வைத்துவிடக் கூடாது என்பதற்காக 2007 சட்டத்தின் 24ஆம் பிரிவு இருக்கிறது. அமைச்சர் அதன்கீழ் உத்தரவு போட்டுவிட்டால், 1 லட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட நிலத்தை விற்க வாரிசுக் கவுன்சிலின் சம்மதம் வேண்டும். அதற்கு முன்பும் சும்மா கொடுத்துவிட முடியாது. கிடைக்கக்கூடிய நல்ல விலைக்குத்தான் விற்க வேண்டும் என்கிறது 1972 சட்டம். ஊர் நலனுக்காக என்றால் 20 லட்சம் பவுண்டு வரை குறைத்துக் கொடுக்க 2003 முதல் பொது அனுமதி உண்டு. எங்கள் கழிப்பறை அந்த அளவுக்கெல்லாம் போகாது, கவலை வேண்டாம்.

7 டிசம்பர்

"உங்கள் கூட்டங்கள் ஜாக்கி வீவர் வீடியோ மாதிரி இருக்குமா?" என்று கேட்டிருக்கிறார்கள். 2021இல் ஊரடங்கில் உலகமே பார்த்துச் சிரித்த ஹேண்ட்ஃபோர்த் பாரிஷ் கூட்டம். கத்தியவர்களைத் தூக்கி வெளியே போட்டார் அந்த அம்மா. இல்லை, எங்கள் கூட்டத்தில் அவ்வளவு உயிர் கிடையாது. போன மாதம் நாற்பது நிமிடம் ஒரு பெஞ்சைப் பற்றிப் பேசினோம். உட்காரும் பெஞ்ச்.

14 டிசம்பர்

பணத்தைவிடப் பெரிய சிக்கல் ஆள். இங்கிலாந்தில் சுமார் 10,000 பாரிஷ், டவுன் கவுன்சில்கள். பெரும்பாலானவற்றின் மொத்த அலுவலகமும் ஒரே ஒரு கிளார்க், அதுவும் வாரத்தில் சில மணி நேரம். எங்களுடையவரும் பகுதி நேரம்தான். கூட்டக் குறிப்பு, கணக்கு, காப்பீடு, புகார்க் கடிதம், நினைவுநாள் மலர்வளையம், எல்லாம் அவர். இதில் விளையாட்டிடமும் சேர்ந்தால்? ஊஞ்சல் சங்கிலி தேய்ந்திருக்கிறதா என்று வாராவாரம் ஆள் போய்ப் பார்த்து எழுதி வைக்க வேண்டும், வருடத்துக்கு ஒருமுறை வெளியாளின் சோதனை. ஒரு குழந்தை விழுந்தால் வழக்கறிஞர் முதலில் கேட்பது அந்த வாராந்தரத் தாளைத்தான்.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் முதலில் உங்கள் கிளார்க்கிடம் கேளுங்கள். இன்னொன்று: மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் தேர்தலில் வந்தவர்களாக இருந்து, கிளார்க் அதற்கான தகுதித் தேர்வு முடித்திருந்தால்தான் பொது அதிகாரம் என்கிற 2011 சட்டச் சலுகை கிடைக்கும். இல்லாவிட்டால் ஒவ்வொரு செலவுக்கும் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்று தேட வேண்டும். போட்டியில்லாமல் ஜெயித்தாலும் தேர்தலில் வந்த கணக்குதான், ஆனால் என் மாதிரி கோ-ஆப்ட் ஆட்கள் கணக்கில் சேர மாட்டோம். எங்கள் கவுன்சில் அந்த வரம்பை மயிரிழையில் தாண்டி நிற்கிறது. யாருக்கும் ஜலதோஷம்கூட வரக் கூடாது.

28 டிசம்பர்

விடுமுறையில் யோசித்தேன். நவம்பர் 30 குறிப்பில் இருந்த வேகம் இப்போது இல்லை.

கடைத்தெருவில் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நடக்கிற ஒரு மூதாட்டி என்னை நிறுத்தினார். கழிப்பறை மூடினால் நான் பஸ் ஏறி ஊருக்குள் வருவதையே நிறுத்திவிடுவேன் என்றார். கோபப்படவில்லை, தகவல் சொன்னார். நீர்மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஊரின் எல்லை அடுத்த கழிப்பறை வரைதான். இதை நான் கணக்கில் எடுக்கவே இல்லை.

செலவும் நான் பயந்த அளவு இல்லை. 2021 சட்டத்துக்குப் பிறகு தனியாக நிற்கிற பொதுக் கழிப்பறைக்கு பிசினஸ் ரேட்ஸ் கிடையாது. செலவில் கட்டுகிற வாட் வரியைப் பாரிஷ் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். மற்ற ஊர்களும் செய்திருக்கின்றன. கார்ன்வால் 2009இல் யூனிட்டரி ஆன பிறகு கழிப்பறைகள், நூலகங்கள் என்று ஒவ்வொன்றாக ஊர்க் கவுன்சில்களுக்கு வந்தன. ஃபால்மவுத் டவுன் கவுன்சில் நூலகமே நடத்துகிறது. 2019இல் வெய்மவுத் பரோ போனபோது பிறந்த டவுன் கவுன்சில் கடற்கரையையும் கழிப்பறைகளையும் பார்த்துக்கொள்கிறது. கடற்கரை ஊரில் கழிப்பறை சரியில்லை என்றால் ஊரே சரியில்லை.

ஆக இப்போது என் கட்சி இது: ஜனங்கள் தினமும் தொடுவதை எடுத்துக்கொள்வோம். கழிப்பறை வேண்டும், கடைத்தெருவை ஒட்டிய விளையாட்டிடம் வேண்டும். நதிக்கரை நிலம் வேண்டாம். பெவிலியனுக்குக் கூரைச் சோதனை அறிக்கை வராமல் கையெழுத்து இல்லை. கார் பார்க்கைத் தொடர்ந்து கேட்போம், கிடைக்காது, இருந்தாலும் கேட்போம். கழிப்பறைக்குப் போகிறவர்கள் அங்கேதான் வண்டியை நிறுத்துகிறார்கள், அந்தக் கட்டணத்தில் ஒரு பங்கு என்றாவது பேசலாம்.

4 ஜனவரி 2026

கொஞ்சம் விலகிப் போகிறேன். அலாட்மென்ட் (காய்கறி போட வாடகைக்குத் தருகிற தோட்டத் துண்டு) பற்றிக் கேட்ட ஈழத்து அக்காவுக்கு: அவை ஏற்கனவே பாரிஷ் கையில் இருந்தால் எதுவும் மாறாது. 1908 சட்டப்படி ஊரில் ஆறு வாக்காளர்கள் சேர்ந்து எழுதிக் கேட்டாலே பாரிஷ் அதைப் பரிசீலித்தாக வேண்டும். பரோ கையில் இருந்தால் யூனிட்டரிக்குப் போகும், வாடகையைப் பக்கத்து ஊர்களோடு சமன்செய்வார்கள், சமன் என்றால் பொதுவாக மேல்நோக்கித்தான். உங்கள் பாத்தியில் வெந்தயக்கீரை நன்றாக வரும், வெண்டைக்காய்க்குப் பாலிதீன் கூடாரம் போடாமல் மல்லுக்கட்ட வேண்டாம். நான் கட்டிப் பார்த்துவிட்டேன்.

11 ஜனவரி

யாரும் பேசாத ஒன்று: மூடப்பட்ட சர்ச் இடுகாடுகள். இனிமேல் யாரையும் புதைப்பதில்லை என்று முறைப்படி மூடிய இடுகாட்டைப் பராமரிக்கும் பொறுப்பை, 1972 சட்டத்தின் 215ஆம் பிரிவின்படி, சர்ச் நிர்வாகம் ஒரு கடிதம் எழுதிப் பாரிஷ் கவுன்சிலிடம் தள்ளிவிடலாம். பாரிஷ் மூன்று மாதத்துக்குள் மேல் கவுன்சிலுக்குத் தள்ளிவிடலாம். தவறவிட்டால் நம்முடையது. புல் வெட்டுவது பிரச்சினை இல்லை. சாலையோரம் சாய்ந்து நிற்கிற முந்நூறு வருடக் கல்சுவர்தான் பிரச்சினை. அதில் ஒரு பாகம் சரிந்தால் பிரிசெப்டே சரிந்துவிடும்.

மேல் கவுன்சிலில் ஆட்கள் வேலை மாறிக்கொண்டிருக்கிற இந்த நேரத்தில் கடிதம் வந்தால் பதில் போட ஆள் இருக்குமா? எங்கள் கிளார்க் அந்த மூன்று மாதத்தைச் சிவப்பு மையில் நாட்காட்டியில் குறிக்கிறார். கடிதம் இன்னும் வரவே இல்லை.

18 ஜனவரி

திட்ட அனுமதி விஷயம் கேட்டவர்களுக்குச் சுருக்கமாக. கட்டட விண்ணப்பங்களில் பாரிஷ் கருத்துச் சொல்லலாம், முடிவெடுக்க முடியாது. அது மாறாது, முடிவெடுக்கிறவர் மட்டும் தூரமாகிறார். ஊருக்கென்று நெய்பர்ஹுட் பிளான், அதாவது ஊரே போட்டுக்கொண்ட கட்டடத் திட்டம், இருந்தால் அது யூனிட்டரியிலும் செல்லும். கட்டுமான வரியில் ஊருக்கு வரும் பங்கு திட்டம் இருந்தால் 25 சதவீதம், இல்லாவிட்டால் 15, அந்த 15க்கு உச்சவரம்பும் உண்டு. பாரிஷே இல்லாத ஊருக்கு அந்தப் பணம் கைக்கு வராது, மேல் கவுன்சில்தான் வைத்துச் செலவழிக்கும். கில்ட்ஃபோர்டு நண்பர் கவனிக்க.

தூரம் என்றேனே, அதற்குக் கணக்கு: 12 லட்சம் பேருக்கு மேல் இருக்கிற சர்ரேக்கு மொத்தம் 162 கவுன்சிலர்கள். கிழக்கில் 72, மேற்கில் 90. பழைய கவுன்டிப் பிரிவுகள் 81, பிரிவுக்கு இரண்டு பேர். இவர்கள் தெருவிளக்கையும் பார்க்க வேண்டும், முதியோர் இல்லத்தையும் பார்க்க வேண்டும். குப்பை எடுக்கவில்லை என்ற போன் யாருக்கு வரும்? எங்களுக்குத்தான். இப்போதே வருகிறது, அதிகாரம் இல்லை என்றால் யாரும் நம்புவதில்லை.

நாங்கள் செய்த உருப்படியான வேலை ஒன்றே ஒன்று. பக்கத்துப் பாரிஷ்களோடு சேர்ந்து, பரோவில் பல வருடம் இருக்கிற அதிகாரிகளிடம் போய் எந்த வடிகால் யாருடையது, எந்த நிலத்துக்குப் பத்திரம் எங்கே, எந்தக் குத்தகை எப்போது முடிகிறது என்று எழுதி வாங்குகிறோம். பாதித் தகவல் கோப்பில் இல்லை, ஒரு மனிதரின் தலையில் இருக்கிறது. அவர் ஓய்வுபெறும் தேதியும் கிட்டத்தட்ட யூனிட்டரி தேதிதான்.

1 பிப்ரவரி

பிரிசெப்ட் போட்டாயிற்று. ஏற்றினோம். கழிப்பறைக்கு ஒரு தொகை, கிளார்க்குக்குக் கூடுதல் மணி நேரம், சுவர் விழுந்தால் என்று ஒரு சேமிப்பு. ஒரு உறுப்பினர் எதிர்த்து வாக்களித்தார், அவர் சொன்ன காரணமும் நியாயமாகவே இருந்தது: மேலே இருப்பவர்களுக்கு உச்சவரம்பு இருக்க, அது இல்லாத நம் பையில் கை விடுகிறார்கள், நாமும் விரித்துக் காட்டுகிறோம்.

8 பிப்ரவரி

கழிப்பறைக் குத்தகை வரைவு வந்திருக்கிறது. 25 வருடம், வாடகை பெயருக்கு. உள்ளே நுணுக்கி ஒரு பத்தி: கூரை, கழிவுக்குழாய், "கட்டமைப்பு சார்ந்த அனைத்துப் பழுதுகளும்" குத்தகைதாரர் பொறுப்பு. கழிவுக்குழாய் கார் பார்க்குக்கு அடியில் ஓடுகிறது. அவர்கள் கார் பார்க், எங்கள் குழாய். திருத்தி அனுப்பச் சொல்லித் திருப்பிவிட்டோம். செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்கு ஊர்க்காரர்கள் யார் வேண்டுமானாலும் வரலாம், பேசப் பதினைந்து நிமிடம் உண்டு. கேள்வி கேட்ட நண்பர் வந்தால் பெஞ்ச் விவகாரமும் அன்றைக்குத்தான் முடிகிறது.